சாணித்தாளில் ஓடிய கோடு
(சக ஓவியர்கள் – 14)

சின்ன ஊர்களில் வளர்ந்த என் தலைமுறைக்கு நவீன ஓவியம் சாணித்தாளில் அச்சாகித்தான் வந்து சேர்ந்தது. கலைக்கூடம் என்று ஒன்றைப் பார்ப்பதற்கு வெகு முன்பே கே.எம். ஆதிமூலத்தின் கோடு எனக்குப் பழகியிருந்தது. புத்தக அட்டையில், சிறுபத்திரிகையின் முரட்டு எழுத்துத் தலைப்பில். பிறகு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதினார். வாராவாரம் அதற்கு ஆதிமூலம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துக்கே போவேன்.

அப்போது நானும் பத்திரிகைக்குப் படம் போட ஆரம்பித்திருந்தேன். சின்னப் பத்திரிகைகளில் எங்களை ஆட்டிவைத்தது பிளாக்தான். துத்தநாகத் தகட்டில் படத்தை ஏற்றி அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். சாயல் வேண்டுமென்றால் ஹாஃப்டோன் பிளாக். படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துவிடும். மட்டக் காகிதம் மையைக் குடித்தால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு முகம் கரிச்சட்டியாகும். லைன் பிளாக் தாங்கும், செலவும் குறைவு. ஆனால் கோடுகளை நெருக்கினால் அதிலும் அடைப்புதான். திருவல்லிக்கேணியில் ஒரு பிளாக் மேக்கர் என் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடு தம்பி, மை அடைச்சுக்கும்” என்பார். ஓவியக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பாடம் அது.

ஆதிமூலத்துக்கு இந்தப் பாடம் கையிலேயே இருந்தது. 1938இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் வழிகாட்டலில் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தார். நெசவாளர் சேவை மையத்தில் வேலை. அந்நாளில் சென்னை ஓவியர்கள் பலருக்கும் சோறு போட்ட இடம் அது. 1966இல் ஓவியர் பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் குடியேறியவர்கள் பத்திக் துணி செய்து விற்று ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆதிமூலம் ஊருக்குள் எழுத்தாளர்களோடு புழங்கினார். கூலி தராத சிறுபத்திரிகைகளுக்கும் வரைந்தார். தமிழ் வாசகர்களுக்கு அதில் கிடைத்த லாபம் பெரிது.

1969, காந்தி நூற்றாண்டு. அப்போது அவர் பேனாவும் மையும் கொண்டு வரைந்த காந்திக் கோட்டோவியங்கள் ஏறக்குறைய நூறு. அச்சில் பலமுறை பார்த்தவைதான். மூலங்கள் சிலவற்றை ஒரு கண்காட்சியில் கிட்டத்தில் பார்த்தபோதுதான் அவற்றின் வேகம் புரிந்தது. கோடுகள் ஆத்திரத்தில் கீறியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. உச்சந்தலைக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. வெறும் காகிதமே வெளிச்சமாகிறது. காந்தியை வரைவது சுலபம் என்று நினைப்போம். ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைத்தடி போதும், பள்ளிக்கூடத்துப் பையனும் வரைந்துவிடுவான். அந்தச் சுருக்குவழியில் ஆதிமூலம் போகவில்லை. தோலின் சுருக்கம், கழுத்து நரம்பு, நடந்து நடந்து வற்றிய உடம்பு என்று அத்தனையையும் கோட்டாலேயே தேடினார்.

பின்னால் அவர் கோட்டுக்குள் மகாராஜாக்கள் வந்தார்கள். மன்னர் மானியம் பறிபோன காலம் அது. தலைப்பாகையும் நகையும் மிடுக்காக இருக்கும், உள்ளே ஆள் உளுத்துப்போயிருப்பார். நக்கல் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ அவர்கள்மேல் அவருக்குக் கொஞ்சம் பாசமும் இருந்ததாகவே படுகிறது.

அதற்கப்புறம் அவருடைய கேன்வாஸில் உருவமும் போயிற்று, கோடும் போயிற்று. நிலமோ வானமோ என்று சொல்லமுடியாத வண்ணப் பரப்புகள். கலைச் சந்தை அவற்றைக் கொண்டாடியது. எனக்கு அவை பிடிக்கும், ஆனால் காந்தி முன்னால் நின்றதுபோல அவற்றின் முன்னால் நிற்க முடிந்ததில்லை. நல்லவேளை, கேன்வாஸில் விட்ட கோட்டை அவர் பத்திரிகையில் விடவில்லை. 2008இல் அவர் மறைந்தபோது என் நண்பர்கள் தேடி எடுத்ததும் பழைய அட்டைகளைத்தான்.

இப்போதும் பதிப்பாளர்கள் கேட்பதுண்டு: “தலைப்பு மட்டும் ஆதிமூலம் எழுத்து மாதிரி இருக்கட்டும் சார்.” எழுதியும் தருகிறேன், பிழைப்பாயிற்றே. ஆனால் அது வாய்ப்பதில்லை. நாங்கள் எழுத்தை எழுதிவிட்டு ஓரத்தைச் சிதைக்கிறோம். அவர் ஓர் ஆளை வரைவதுபோல எழுத்தை வரைந்தார். கால் எங்கே ஊன்றும், தோள் எங்கே சாயும் என்பது முதல் இழுப்பிலேயே முடிவாகியிருக்கும்.

மதுரையிலிருந்து வந்து, இதே பத்திரிகை உலகத்துக்குள் கணினியோடு நுழைந்த டிராட்ஸ்கி மருதுவைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)