மதியம் ரெண்டு மணிக்கு ஒரு ஆட்டம்



பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காயா, ஆறு காயா? இதை வைத்து எங்கள் தெருவில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். எங்கள் வீட்டில் ஐந்து. எதிர் வீட்டு அக்கா மன்னார்குடி. அவருக்கு ஆறு. பதினாலு குழிக்கும் ஐந்தைந்து போட்டால் 70 காய், ஆறாறு போட்டால் 84. "பதினாலு புளியங்கொட்டைக்கா இம்புட்டு சண்டை?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்! ஒரு காய் கூடினால் சுற்று எங்கே போய் நிற்கும் என்ற கணக்கே மாறிவிடும். கடைசியில் திங்கள், புதன் ஐந்து, மற்ற நாளில் ஆறு என்று ராசியானோம்.

நாங்கள் இருப்பது நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஆறேழு பேர் சேர்கிறோம். மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கவிழ்த்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான். நடவு, களையெடுப்பு, அறுப்பு நாட்களில் அதுவும் கிடையாது. வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். அதனால் ஆளுக்கு ஒரு ஆட்டம், ஒரே ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு சட்டம். சீர்வரிசையில் வந்த அண்டா குண்டாவை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டோம். இது மட்டும் மனசில் இருந்ததால் தப்பித்தது.

எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அதற்குப் பெயர் பசு. அந்தக் குழி யாருடையதோ அவள் எடுத்துக்கொள்ளலாம். கையில் உள்ள காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆட்டம் சூடு பிடிப்பது இரண்டாவது சுற்றில்தான். முப்பத்தைந்து காயோடு சமமாகத்தான் உட்கார்ந்தோம். முதல் சுற்று முடிந்து எண்ணினால் எனக்கு 28, எதிராளிக்கு 42. என்னுடைய ஏழு குழியில் ஐந்துதான் நிரம்பும். மூன்று காய் மிச்சம், இரண்டு குழி காலி. அவளுக்கோ ஏழும் நிரம்பி ஏழு காய் மடியில். அதற்கப்புறம் மீண்டு வருவது லேசில்லை. காய் ரொம்பக் குறைந்துபோனவள் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடினால் அதற்கு "கஞ்சி காய்ச்சுறது" என்று பெயர். பேராசிரியர் தொ. பரமசிவன் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சமமாகத் தொடங்கி ஒருவரிடம் குவிந்து இன்னொருவர் இல்லாதவர் ஆவதை அவர் கவனித்திருக்கிறார். நெல் விளையும் ஊரில் கஞ்சி காய்ச்சுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை!

தாயத்தில் என் மகன்தான் எங்களுக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "தாயம் ஏம்மா உனக்கு விழவே மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு நோட்டில் கட்டம் போட்டுக் காட்டினான். பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம். இரண்டு கட்டையையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டு விதத்தில்தான் வரும். ஆறும் பன்னிரண்டும் ஆளுக்கு ஒரே ஒரு விதம். மூன்றுதான் அதிகம், நாலு விதம். நான் அதுவரை கட்டையைக் கையில் தேய்த்து உருட்டினால் தாயம் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த அக்காக்களைப் பார்த்தேன். அவர்கள் நோட்டைப் பார்த்தார்கள். மறுநாளும் தேய்த்துத்தான் உருட்டினார்கள்!

சரி, பிள்ளைகளின் விளையாட்டுக்கு வருகிறேன். செல்போனைக் கண்டாலே திட்டுகிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் தம்பி டிவியில் செருகும் கேசட் வாங்கி வந்து மரியோ விளையாடுவான். பொம்மை குதித்துக் குதித்துக் காசு எடுக்கும். அப்பா வயலுக்குப் போன நேரத்தில் நானும் பிடித்து ஆடுவேன். ஆமை வரும் இடத்தில் எப்போது குதிக்க வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று பாட்டி கேட்பார். அந்தப் பாட்டிதான் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்க எங்களை உட்கார வைத்துப் பரமபதம் ஆடுவார். வைகுண்டத்துக்குக் கிட்டே போய்ப் பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்தால் அழாத குறை.

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா கேண்டி கிரஷ் ஆடுகிறார். ரெண்டாயிரத்துச் சொச்சம் லெவல் தாண்டிவிட்டார். எனக்கு அதில் ஈடுபாடு இல்லாமல்தான் இருந்தது. ஒருநாள் அவர் சொன்னார்: "இங்க பாரு, நாலு மிட்டாய் ஒரே வரிசையில சேர்ந்தா கோடு போட்ட மிட்டாய் ஒண்ணு வரும். அதை வச்சு வரிசையையே காலி பண்ணலாம். நம்ம பசு மாதிரிதான்." அட, ஆமாம்! கொரோனா ஊரடங்கின்போது 2020-ல் எல்லோரும் போனில் லூடோ ஆடினார்களே, அதுவும் நம் பகடை ஆட்டத்தை வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதுதான். மகனிடம் சொன்னேன். "அப்ப தாயத்துக்கும் லூடோவுக்கும் சொந்தம்னு சொல்லு" என்றான். வெட்டுவது, பழம் எடுப்பது எல்லாம் அதிலும் இருக்கிறது. ஆனால் போனில் கட்டையை உருட்டுகிற சத்தம் கேட்காது. எதிராளி முகமும் தெரியாது.

இனி சொல்ல வந்த விஷயம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம். தாயத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. திடீரென்று வரவில்லை. விசாரித்தால், அவள் வீட்டுக்காரர் போனில் பணம் வைத்து ரம்மி ஆடியிருக்கிறார். முதலில் நூறு இருநூறு வந்ததாம். அப்புறம் சம்பா சாகுபடிக்கு வைத்திருந்த பணம், அப்புறம் இவள் கழுத்துச் சங்கிலி. எல்லாம் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் இதற்கென்றே சட்டம் வந்தது, கோர்ட்டு வரை போனது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. போன சங்கிலி திரும்ப வரவில்லை.

கோபம் யார் மேல் விழுந்தது தெரியுமா? அவள் மேல். "ஆட்டம்னாலே குடும்பத்துக்கு ஆகாது. நீ மத்தியானம் மத்தியானம் போயி உருட்டிட்டு வந்தியே, அந்தத் தோஷம்தான்" என்று மாமியார் தாயக்கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டார். நாலு மாதம் அவள் வாசல்படி தாண்டவில்லை. பணத்தைத் தொலைத்தவர் வழக்கம்போல டீக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெரியம்மாவிடம் நேரே போய் வாதம் செய்தால் எடுபடாது. பூவனூர் கோயிலுக்குக் கிளம்பும்போது அவரையும் கூப்பிட்டேன். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழிதான். சுவாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். எங்கள் பக்கத்தில் எலிக்கடி, விஷக்கடி என்றால் அங்கே சாமுண்டீஸ்வரி சந்நிதிக்குத்தான் ஓடுவோம். சுவாமிக்கு அந்தப் பெயர் வந்த கதையைப் பலர் யோசிப்பதில்லை. ராஜாவின் மகளாக அம்பாளே பிறந்தாள். ராஜராஜேஸ்வரி என்று பெயர். சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஒருத்தரும் இல்லை. ஜெயிப்பவனுக்கே பெண் என்று ராஜா சொல்லிவிட, சிவபெருமானே சித்தராக வந்து ஆடி, ஜெயித்து, கைப்பிடித்தார். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில் பிரதமரே இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார்.

வரும்போது பெரியம்மாவிடம் கேட்டேன்: "ஏன் பெரியம்மா, அந்தப் பொண்ணை ஜெயிக்க சாமியே வர வேண்டியதாப் போச்சே, அவ உக்காந்து ஆடுனதைத் தோஷம்னு யாராவது சொன்னாங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவரே கேட்டார், "உங்களுக்கெல்லாம் சீதைப்பாண்டி தெரியுமா?" என்று. தெரியாது. பசுப்பாண்டி, காசிப்பாண்டி என்று பெயர் கேள்விப்பட்டிருக்கிறோம். சீதைப்பாண்டி எதிரே ஆள் இல்லாமல் ஒருத்தியே ஆடுவது. அசோகவனத்தில் சீதை ஆடினாள் என்பார்கள். பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் பேச ஆள் இல்லாமல் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தாராம். "சொல்லிக் குடுங்களேன், எங்க யாருக்கும் தெரியாது" என்றேன். அவரால் தரையில் உட்கார முடியாது, இடுப்பு வலி. ஸ்டூல் மேல் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு ஆடிக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தில் மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மருமகள்தான் "அந்தக் குழியை விட்டுட்டீங்க அத்தே" என்றாள். பார்த்தே பிடித்துக்கொண்டாள் பாருங்கள்.

இப்போது அவள் வருகிறாள். பெரியம்மா இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். விளக்கு வைத்த பிறகு ஆடக் கூடாது. காசு என்ற பேச்சே கூடாது. முதலாவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் அந்நேரம் அடுப்படி வேலை இருப்பதால் பாதகமில்லை. இரண்டாவது எங்கள் எல்லோருக்கும் சம்மதம். தோற்றவள் மறுநாள் வெற்றிலை பாக்கு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டிப் பொழுது என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்து மயிலாடுதுறை சேதி ஒன்றைச் சொல்வேன். விஸ்வநாதன் ஆனந்த் 1969-ல் பிறந்த ஊர் அது. அவருக்குக் காய் நகர்த்தச் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மா சுசீலா. அப்பா வேலையாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவில் இருந்தபோது, அங்கே பகலில் டிவியில் செஸ் புதிர் போடுவார்களாம். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து அதைக் குறித்து வைப்பார். சாயந்தரம் இரண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசுப் புத்தகத்தை அந்தப் பையனே தொடர்ந்து வாங்கியதால், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு இனி எழுதாதே என்று டிவிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். அவர் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார், 2000-ல் உலக சாம்பியன். பகல் வேளையில் ஒரு அம்மா டிவி முன்னால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்ததை அன்று யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உங்கள் ஊர்ச் சட்டங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறோம். யார் ஊர், யார் சொன்னது என்று பெயரோடு எழுதுகிறோம். பல்லாங்குழி, தாயம், பரமபதம், அஞ்சாங்கல் வரை வந்துவிட்டது. மரியோவில் ஆமையைத் தாண்டுவது எப்படி என்று நானும் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

ஆடு புலி ஆட்டத்துக்கு மட்டும் பக்கம் காலியாக இருக்கிறது. கோயில் மண்டபத்துக் கல்லிலேயே கோடு செதுக்கியிருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்க வேண்டும், அது வரை தெரியும். எங்கள் ஊரில் ஆண்கள்தான் ஆடுவார்கள், எங்களை யாரும் உட்கார வைத்ததில்லை. நாங்களாக ஆடிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் புலிதான் ஜெயிக்கிறது. முதல் ஐந்தாறு ஆட்டை எங்கே எங்கே இறக்கினால் புலியை மடக்கலாம் என்று தெரிந்த சகோதரி யாராவது இருந்தால், இந்தப் பகுதிக்கே எழுதுங்கள்.

- ஒரு வாசகி, நீடாமங்கலம்