எண்ணிக்கையும் பெயர்ப்பட்டியலும்: ஊவாத் தோட்டப்புறத்தில் ஓட்டிசம் பற்றிய அரச தரவுகள்

ஒரு சமுதாயம் எவற்றை எண்ணுகின்றது, எவற்றை எண்ணாது விடுகின்றது என்பது வெறும் கணக்கியற் பிரச்சினை அன்று. எண்ணுவோர் யார், எண்ணப்படுவோர் யார், அவ்வெண்ணிக்கை எவருடைய தேவைக்கு உதவுகின்றது என்பன உற்பத்தி உறவுகளோடு பின்னிப் பிணைந்த வினாக்களாகும். ஓட்டிச நிலையுடையோரில் எத்தனை பேர் அரச உதவியைப் பெறுகின்றனர் என்ற தரவு பொதுமக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்ற கோரிக்கை இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. அக்கோரிக்கையை ஊவாப் பெருந்தோட்டங்களிலிருந்து, குறிப்பாகப் பெரகலவைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்குவதே எமது முயற்சி.

தமிழகத்தார் மதியிறுக்கம் என வழங்கும் ஓட்டிசம், இளமையிலேயே வெளிப்படும் மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடாகும். பேச்சு, பிறரோடு உறவாடும் முறை, புலன்களின் கூர்மை, பழக்கங்களில் விடாப்பிடி முதலியவற்றில் அது தோன்றும். ஆளுக்கு ஆள் அதன் அளவு வேறுபடும். கால் இழந்தவரையோ பார்வையற்றவரையோ கிராம உத்தியோகத்தர் கண்டவுடன் அறிவார். ஓட்டிசம் அத்தகையதன்று. சிறுவர் மருத்துவர், உளமருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் கூடிக் கண்டறிந்து பெயரிட்டாலன்றி அது எந்த ஏட்டிலும் ஏறாது. இதற்கெனச் சிறப்புற்ற நிலையங்கள் என அறியப்பட்ட சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனை கொழும்பிலும், களனிப் பல்கலைக்கழகத்தின் அயதி நிலையம் றாகமையிலும் உள்ளன. தோட்டத்துத் தாய்க்கு அப்பயணம் பேருந்துக் கட்டணம் மட்டுமன்று. வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது.

'பேர்' என்ற இச்சொல் சிந்தனைக்குரியது. தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் உழைப்பின் அலகு. பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணப்பட்டது. செக்றோலில் நாள் எண்ணப்பட்டது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்பட்டது. துண்டு முறையின் கீழ்க் கடன் தொகை எண்ணப்பட்டது. இந்நாட்டில் தோட்டத் தொழிலாளரைப் போல இத்துணை நுணுக்கமாகக் கணக்கெடுக்கப்பட்ட வர்க்கம் பிறிதொன்று இருந்ததா என்பது ஐயமே. அரசின் தொகைமதிப்பும் நகரம், கிராமம் என்பவற்றின் பக்கத்தில் தோட்டம் என மூன்றாவது துறையொன்றை வைத்துள்ளது. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் இருப்பின் அது தோட்டம். நிலமும் உழைப்பும் என்ற இரண்டைக் கொண்டே இவ்வரைவிலக்கணம் நிற்கின்றது. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமது நூலுக்கு 'உழைப்பதற்கெனப் பிறந்தோர்' எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். அதனை அவலக் குரலாக மட்டும் வாசிப்போர் உண்டு. ஒரு நிர்வாக வகைப்பாட்டின் மீதான விமர்சனமாகவும் அதனை வாசித்தல் தகும் என்பது எமது கருத்து.

உழைப்பதற்கெனப் பிறந்தோர் மத்தியில் உழைக்க இயலாத பிள்ளைக்கு ஏட்டில் இடமில்லை. நான்கு வயதிலும் பேசாத பிள்ளை 'பிந்திப் பேசும்' என்ற ஆறுதலோடு பிள்ளைமடுவத்தில் வளர்கின்றது. பின்னர் பாடசாலை வரவிடாப்பிலிருந்தும் நழுவி லயக் காம்பராவில் தங்குகின்றது.

பெரகல, இரத்தினபுரிப் பக்கமிருந்து மலையேறி வரும் வீதி இரண்டாகப் பிரியும் சந்தி. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளை நோக்கிச் செல்ல, மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. இரண்டாவது கிளையை அண்மித்த மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. புதையுண்டவர் எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களின் அறிவிப்புகள் பத்துக்களிலிருந்து நூறுகள் வரை மாறுபட்டன. எத்தனை கிலோ கொழுந்து பறிக்கப்பட்டது என்பதில் அத்தகைய தடுமாற்றம் எந்நாளும் ஏற்பட்டதில்லை. இறந்தோர் தொகையிலேயே இந்நிலையெனின், கண்ணுக்குப் புலனாகாத ஒரு நிலையுடைய பிள்ளைகளின் தொகை எவ்வாறு இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அரசிடம் உள்ளது என்ன? 2012ஆம் ஆண்டின் தொகைமதிப்பு பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என்னும் ஆறு வகையில் இடர்ப்பாட்டை வினவியது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனுமோர் இடர்ப்பாடு உடையவராகக் காணப்பட்டனர். ஓட்டிசம் அங்கு ஒரு வகையன்று. தொடர்பாடலிலோ நினைவிலோ கரைந்துவிடுகின்றது. பிரதேச செயலகங்களினூடாக வறிய குடும்பங்களுக்கு வழங்கப்படும் கொடுப்பனவும் மாற்றுத்திறனாளிகள் என்ற ஒரே தலைப்பின் கீழேயே அமைந்துள்ளது. அஸ்வெசும ஏற்பாட்டில் அது 2025இல் மாதம் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2024இல் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தோடு ஒப்பிடின், அது எட்டு நாட் கூலிக்கும் குறைவு. பிள்ளையைப் பார்க்க வீட்டில் நிற்கும் தாய் இழப்பது எட்டுப் பேர் மட்டுமல்ல என்பதைத் தோட்டத்தார் எவரும் அறிவர்.

மருத்துவ ஆய்வுலகில் ஒரு எண் உண்டு. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் அரைநகர்ப்புறச் சமூகமொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைக் காட்டியது. அதனை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்துதல் முறையன்று. ஆயினும் ஓர் உரைகல்லாக அது பயன்படும். ஆயிரம் பிள்ளைகள் வாழும் தோட்டத் தொகுதியில் பத்துப் பேரளவில் எதிர்பார்க்கப்படும் இடத்தில், கொடுப்பனவு பெறுவோர் ஏட்டில் ஒருவர் இருப்பின், எஞ்சிய ஒன்பது பேர் எங்கே என்ற வினா பிறக்கும். அரச தரவு பொதுவில் கிடைத்தல் வேண்டுமென நாம் கூறுவது இவ்வினாவை எழுப்பும் ஆற்றலுக்காகவே.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. அச்சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, புள்ளிவிபரங்களைத் திரட்டுதலோடு அவற்றைப் பரப்புதலையும் அரசின் கடமையாக்குகின்றது. எனினும் தகவற் சட்டத்தில் வர்க்க நோக்கில் கவனிக்கத்தக்க வரம்பொன்று உண்டு. அரச நிறுவனத்தின் உடைமையில், பொறுப்பில் அல்லது கட்டுப்பாட்டில் உள்ள தகவலையே அது திறக்கும். எழுதப்படாததைத் திறக்க எச்சட்டத்தாலும் இயலாது. ஆகவே எமது கோரிக்கை இரு படிகளைக் கொண்டது: விண்ணப்பப் படிவத்தில் நோயறி வகை பதியப்படல் வேண்டும், அதன் பின்னர் அதன் கூட்டுத்தொகை வெளியிடப்படல் வேண்டும்.

தனியாள் அந்தரங்கம் என்ற மறுப்பு இங்கு எழும். அது போலியான மறுப்பன்று. சட்டத்தின் 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலையும் மருத்துவ அறிக்கையையும் காக்கின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவுக்குத் தனிக் காப்பளிக்கின்றது. பெயர்ப்பட்டியலின் கொடுமையைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை: 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி வீடு தேடி வந்தனர். வியன்னாவில் தம் பெயராலேயே ஒரு நிலை வழங்கப்பெற்ற ஹான்ஸ் அஸ்பெர்கர், நாற்சி ஆட்சியில் சில குழந்தைகளை அவர்கள் கொல்லப்படும் நிலையத்துக்கு அனுப்பியமையை ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு நிறுவினார். ஐக்கிய அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் ஓட்டிசப் பதிவேடு பற்றிய பேச்சு எழுந்ததும் பெற்றோர் அஞ்சியது காரணமின்றியன்று.

ஆயின், பட்டியல் வேறு, எண்ணிக்கை வேறு. நடைமுறையில் இவை தலைகீழாக நிற்பதையே காண்கின்றோம். 2023இல் அஸ்வெசும தொடங்கியபொழுது, மேன்முறையீடும் ஆட்சேபனையும் கோரும் பொருட்டுப் பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் பகிரங்கமாகக் காட்சிப்படுத்தப்பட்டது. வறியவன் பெயர் சுவரில் தொங்கலாம். அயலவன் அதனை வாசித்து ஆட்சேபிக்கலாம். அப்பட்டியலை எத்தனை முறை வாசித்தாலும், ஊவாவில் ஓட்டிச நிலையுடைய எத்தனை பிள்ளைகள் உதவி பெறுகின்றனர் என்பதைக் கணக்கிட இயலாது. மறைக்கவேண்டியது வெளியே, வெளிவரவேண்டியது உள்ளே.

எண்ணிக்கையும் சில இடங்களில் பெயராகிவிடும் என்பதை ஏற்கவேண்டும். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் 'ஒன்று' என அச்சிட்டால், எந்த லயம், எந்தக் காம்பரா என்பதை யாவரும் அறிவர். இதற்குத் தீர்வு அறியப்படாததன்று. அவுஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டம் காலாண்டு தோறும் வகைவாரித் தரவுகளை வெளியிடுகின்றது. பயனாளிகளில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் ஓட்டிச நிலையுடையோர் என்பதை எவரும் காணலாம். பதினொன்றுக்குக் குறைந்த தொகைகள் மறைக்கப்படுகின்றன. அத்தரவே செலவைக் குறைக்க விழைவோரின் ஆயுதமாகவும் ஆயிற்று. ஆயினும் அங்கு பெற்றோர் அமைப்புகள் அதே எண்களைக் கொண்டு வாதாட முடிகின்றது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஓட்டிசமும் ஒன்று. எமது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் அத்தகைய வகைப்பட்டியலைக் காணோம்.

எனவே அல்துமுல்லைப் பிரதேச செயலகத்திடமோ மாவட்டச் செயலகத்திடமோ கேட்கப்படவேண்டியது பெயரன்று. கொடுப்பனவு கோரி விண்ணப்பித்தோர், பெற்றோர், நிராகரிக்கப்பட்டோர் ஆகியோரின் தொகை. வயதுப் பிரிவு, பால், நகரம்–கிராமம்–தோட்டம் என்ற பகுப்பு. சிறு தொகைகள் மறைக்கப்பட்டு, மாவட்ட மட்டத்தில் கூட்டப்பட்டவை. தமிழில் கேட்கவும் தமிழில் பெறவும் உரிமையுண்டு. காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதனை எழுத்திலிடுதல் தகவல் அலுவலரின் கடமை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதங்கள் இன்றும் தோட்டக் காரியாலயத்துக்கே செல்கின்றன. ஆகையால் பதிலுக்குரிய முகவரியாகப் பாடசாலையையோ சந்திக் கடையையோ குறிப்பிடுதல் நன்று.