பங்குனித் தளிரும் தொட்டிப் புளியும்

மாசி பிறந்தால் தர்மபுரி மாவட்டத்தில் புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மரத்தடிக்கு மரத்தடி பழம் குவிந்து கிடக்கும். பழம் இறங்கிய மரத்தில் பழைய இலை மஞ்சளித்துக் கொட்டும். பங்குனி வெயில் ஏற ஏற இளம்பச்சைத் துளிர் கிளம்பும். சாலையோரத்துக் கிழட்டு மரத்துக்கு மட்டுமல்ல, ஒரு முழ உயரத்தில் தட்டுத் தொட்டியில் நிற்கும் போன்சாய்ப் புளிக்கும் இதுதான் பஞ்சாங்கம்.

போன்சாய்ப் புத்தகங்கள் காட்டும் வசந்தம் ஜப்பானுடையது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925இல் அமைத்தது ஓமியா போன்சாய் கிராமம். அங்கே குளிரில் உறங்கிய மேப்பிள் மார்ச்சில்தான் கண் விழிக்கும். குளிர் நாடுகளில் பசுமைக்குடில் பனியைத் தடுப்பதற்கு. இங்கே எந்தப் பனி? மார்ச் பிற்பகல் 35 டிகிரியைத் தாண்டும் ஊரில் பாலித்தீன் கூரை போட்டால் தொட்டியின் மூன்று அங்குல மண் மதியத்துக்குள் சுண்டிவிடும். ஓசூரில் ரோஜாவுக்குப் பாலித்தீன் குடில் பலிக்கிறதே என்பார்கள். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி நகரம் அதில் பாதி. நமக்கு ஏற்றது ஐம்பது சதவீத நிழல்வலை. தலைக்கு மேல் நன்றாகத் தூக்கிக் கட்டி, நான்கு பக்கமும் காற்று புகும்படி விட வேண்டும்.

குடிலுக்குள் பெரிய வேலை, தொட்டி மாற்றுவது. அதற்கு நாள் குறிப்பது மரம்தான்: கணுவில் மொட்டு விம்மியிருக்க வேண்டும், இலை விரிந்திருக்கக் கூடாது. தொட்டி ஓரமாகக் கத்தியை ஓட்டி மரத்தைத் தூக்கினால் மண்ணே தெரியாது. தொட்டியின் வடிவத்துக்கே சுருண்டுபோன வேர்ப்பின்னல்தான் தெரியும். மூங்கில் குச்சியால் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். கீழே இறங்கும் தடித்த வேரைக் கழித்து, சல்லிவேரை விட்டுவைக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆல், அரசு, இச்சி எல்லாம் வெட்டுவாயில் பால் வடிக்கும். பதற வேண்டாம், தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். கலவைக்கு உடைத்த செங்கல், பருமணல், கொஞ்சம் செம்மண், மக்கிய சாணம் போதும். ஆனால் தூளைச் சலித்து எறியச் சோம்பல்பட்டால் வடிகால் அடைத்து வேர் அழுகும். அடித்துளையில் வலை வைத்து, மரத்தைக் கம்பியால் தொட்டியோடு கட்டிவிடுங்கள். ஆடும் மரத்தில் புதுவேர் பிடிக்காது. பிறகு இரண்டு மூன்று வாரம் நல்ல நிழல். உரம் கூடாது.

துளிர் ஓடும் பருவத்தில் கிளைக்கு அலுமினியக் கம்பி சுற்றியவர்கள் வாராவாரம் பார்க்க வேண்டும். இச்சி மடமடவென்று பருக்கும். கம்பி பட்டையில் புதைந்தால் தழும்பு ஆண்டுக்கணக்கில் போகாது. புளிக்குக் கம்பியைவிடக் கத்தரி நல்லது. முற்றிய கிளை வளையாது, முறியும். அதன் சிற்றிலை இந்தக் கலைக்கு வரம். தொட்டியில் இலை சிறுக்கும், காய் சிறுக்காது. ஒரு முழ மரத்தில் முழு நீளப் புளியங்காய் தொங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தின் பழைய துன்பம். நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பாழான ஊர்களுக்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் திறந்தார்கள். அதற்கும் ஜப்பானின் கடனுதவி என்பது வேடிக்கையான பொருத்தம். அந்தக் குடிநீரை மரத்துக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. போர்வெல் உப்புநீரை ஊற்றினாலோ தொட்டி விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளைப் படிவு ஏறும். வெளிப்படிவைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். மண்ணில் சேர்ந்த உப்பை, அடித்துளையில் வழிய வழிய மழைநீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். ஐப்பசியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தவர் பிழைத்தார்.

மரம் தேடி நர்சரிக்கு ஓட வேண்டியதில்லை. பறவை எச்சத்தில் முளைத்துக் கிணற்றுச் சுவரைப் பிளக்கும் ஆலையும் அரசையும் பெயர்த்தால் சுவருக்கும் நல்லது. கரட்டோரம் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையான கொடுக்காப்புளித் தூர் இன்னும் உசத்தி: அடி தடித்து, கிளை நெருங்கி, பாதி வேலை முடிந்தே கிடைக்கும். பட்டா நிலமாக இருக்கட்டும், உடையவரின் சம்மதமும் வேண்டும். வனத்துறை எல்லைக்குள் கை வைக்கக் கூடாது. வளர்ந்த மரங்களைப் பார்க்க ஆசைப்படுவோருக்கு மைசூரு அவதூத தத்த பீடத்தின் ‘கிஷ்கிந்தா மூலிகா’ தோட்டம் எட்டாத தூரமில்லை.

மரத்தைச் சித்திரவதை செய்கிறீர்கள் என்போருக்கு அந்த ஆட்டையும் காட்டலாம், வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் உள்ள வெள்ளைப் பைனையும் காட்டலாம். 1625 முதல் போன்சாயாக வளரும் அது 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பி, 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. பரிசாக வந்த செடியை ஏசி அறையில் வைத்து மறந்துபோகிறார்களே, சித்திரவதை அதுதான்.

பங்குனியைத் தவறவிட்டவர்கள் சித்திரையில் அவசரப்பட்டு வேரைத் தொட வேண்டாம். அக்னி நட்சத்திரம் முடியும்வரை காலையும் மாலையும் தண்ணீர், கொழுந்தில் மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல், அவ்வளவே. தொட்டி மாற்றுவதை ஆடி, ஆவணி மழைக்குத் தள்ளிவைக்கலாம்.