கட்டளை வரியும் கணக்குப் புத்தகமும்

சென்ற ஆண்டு தாமிரபரணிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் பொதுக் கிணற்றில் மோட்டாரைக் காப்பதற்கென்று சிறு பெட்டி ஒன்று பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்துவதும், மின்சாரம் போய்த் திரும்பினால் சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டுவதும் அதன் வேலை. கோடையில் அக்கிணற்றை ஆழப்படுத்தினார்கள். ஆழம் கூடியபின் மோட்டாரை நிறுத்த வேண்டிய மட்டமும் மாற வேண்டும் அல்லவா? பெட்டியோ பழைய மட்டத்திலேயே மோட்டாரை நிறுத்திக் கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை. கார் நடவு நெருங்கிவிட்ட சமயம். பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவர் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டார். அவர் பெட்டிக்குள் எழுதி வைத்த உத்தரவின் பிரதி சங்கத்தில் எவரிடமும் இல்லை. ஒரே ஓர் எண்ணை மாற்ற வழியில்லாமல், அங்கத்தினர்கள் ஒரு பெட்டியின் விலையை இரண்டாம் முறையும் கொடுத்தார்கள்.

இதில் நம் பிழையும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு அச்சங்கத்தின் இருப்புப் புத்தகத்தைப் பார்த்து, "பெட்டி ஒன்று, சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. பெட்டி இருந்தது, வவுச்சரும் இருந்தது. பெட்டிக்குள் இருந்த உத்தரவும் சங்கத்தின் சொத்து என்பதும், அதற்கும் ஒரு பதிவு வேண்டும் என்பதும் நமக்குத் தோன்றவில்லை. அக்குறையைத் தீர்த்துக்கொள்ள, வண்ணார்பேட்டையில் பொறியியல் பயிலும் மாணவர் இருவரிடம் மாலை நேரங்களில் நாமே பாடம் கேட்டோம். அங்குக் கற்றதை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பெட்டியைத் திறந்தால் உள்ளே கையகலப் பலகை ஒன்று இருக்கும். அதைப் போர்டு என்பார்கள். அதன் நடுவிலுள்ள கறுப்புச் சில்லே மைக்ரோகன்ட்ரோலர். அது மிகச் சிறிய கணினி. ஒரு சமயத்தில் ஒரே வேலையைச் செய்யும். கொடுத்த உத்தரவை மின்சாரம் நின்றாலும் மறவாது. எங்கும் மிகுதியாகப் புழங்குவது ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டு. ஆர்டுயினோ 2005-ல் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தோன்றியது. ஊனோவில் உத்தரவைச் சேமிக்க 32 கிலோபைட் இடமும், வெளியுலகோடு தொடர்பு கொள்ளப் பதினான்கு இலக்க முனைகளும் உண்டு. இவை தவிர, மண்ணின் ஈரம், நீரின் மட்டம் போன்ற அளவுகளை வாங்க ஆறு முனைகள் தனியே உண்டு.

நமக்குப் பாடம் சொன்ன மாணவருள் ஒருவர் நெசவாளர் அங்கத்தினரின் மகன். தந்தையாரும் ஒரு நாள் உடன் வந்து அமர்ந்தார். மகன் விளக்கியதைச் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, "சார், இது நம்ம ஜக்கார்டு அட்டைல்லா!" என்றார். அவர் கூறியது முற்றிலும் சரி. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த பொறியில், அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழைகிறது, கொக்கி உயர்கிறது, பாவு நூல் எழும்புகிறது. துளை இல்லாவிடில் நூல் தாழ்ந்தே கிடக்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் ஒரு சேலையின் பூவேலை முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருப்பதும் இவ்வகை உண்டு, இல்லைகளே.

இவ்வொப்புமையை இன்னும் ஓரடி கொண்டு செல்வோம். அட்டையைத் துளையிடுவதற்கு முன்பு சித்திரக்காரர் கட்டம் போட்ட தாளில் பூவை வரைகிறார். தாளைப் பார்த்தே அட்டை துளைக்கப்படுகிறது. தாள் தொலைந்து அட்டை மட்டும் எஞ்சினால், பழைய பூவையே மேலும் நூறு சேலைகளில் நெய்யலாம். ஆனால் பூவை மாற்றுவது பெரும்பாடு. போர்டிலும் இதே நிலைதான். மனிதர் வாசிக்கும் வகையில் எழுதியது மூல நிரல், அதுவே கட்டத்தாள். அதைச் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றுவது தொகுத்தல். அது துளையிட்ட அட்டை. சில்லைப் பூட்டி வைக்காதவரை, உள்ளே இருக்கும் எண்களைத் திரும்ப வாசித்து இன்னொரு போர்டில் ஏற்றலாம். ஆனால் அவற்றிலிருந்து மூல நிரலை அப்படியே மீட்க இயலாது. மேற்சொன்ன சங்கத்தில் அட்டை இருந்தது, தாள் இல்லை.

இனி, நிரலைப் போர்டில் ஏற்றும் முறையைக் காண்போம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கணினித் திரையில் சன்னலைத் திறந்து, படத்தைச் சொடுக்கி ஏற்றுவது ஒன்று. கறுப்புத் திரையில் கட்டளையை ஒரு வரியாகத் தட்டச்சு செய்து ஏற்றுவது மற்றொன்று. முதல் வழி தொடக்கத்தில் எளிது; அதைக் குறை கூறமாட்டோம். ஆயினும், எதைச் சொடுக்கினோம், எந்தப் போர்டைத் தேர்ந்தெடுத்தோம் என்பது சொடுக்கியவர் நினைவோடு போய்விடும். கட்டளை வரி அவ்வாறன்று. அதைக் காகிதத்தில் எழுதி வைக்கலாம். இன்றைக்கு ஒருவர் எழுதியதை நாளை மற்றொருவர் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தால் அதே காரியம் நடைபெறும். வாய்வார்த்தைக்கும் தீர்மானப் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆர்டுயினோவுக்கான கட்டளைக் கருவியின் பெயர் ஆர்டுயினோ சி.எல்.ஐ. இது 2018-ல் அறிமுகமாயிற்று. விலையில்லாமல் கிடைக்கிறது, ஒரே கோப்பாக இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கட்டளைகளை ஆங்கில எழுத்துக்களில் தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றின் பொருளை இங்குத் தமிழில் தருகிறோம். வரியின் முதற்சொல் கருவியின் பெயர். அடுத்த சொல் அது செய்ய வேண்டிய தொழில். பின் வருபவை எந்தப் போர்டு, எந்த வாயில், எந்தக் கோப்புறை என்னும் விவரங்கள்.

முதலில் "கோர் இன்ஸ்டால்" என்னும் கட்டளை. ஊனோ வகைப் போர்டுகளுக்குரிய சாமான்களை இது இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும். அதன்பின் அன்றாட வேலைக்கு இணையம் தேவையில்லை. இரண்டாவது "போர்டு லிஸ்ட்". யு.எஸ்.பி. கம்பியில் இணைத்த போர்டு எந்த வாயிலில் இருக்கிறதென்பதை இது காட்டும். மூன்றாவது "கம்பைல்", அதாவது தொகுத்தல். எழுத்துப் பிழை இருந்தால் எந்த வரியில் என்று சொல்லும். இல்லாவிடில் நிரல் எத்தனை பைட் இடம் பிடித்தது என்று காட்டும். ஊனோவில் 32,256 பைட் வரை எழுதலாம். எஞ்சிய 512 பைட், நிரலை வாங்கி வைக்கும் சிறு தொடக்க நிரலுக்கு உரியது. நான்காவது "அப்லோடு", அதாவது ஏற்றுதல். இதனுடன் "வெரிபை" என்னும் சொல்லையும் சேர்த்துக்கொண்டால், ஏற்றியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும். பணத்தைக் கட்டியபின் ரசீதையும் எண்ணிப் பார்ப்பது போன்ற இவ்வழக்கத்தை நாம் கைவிடக் கூடாது. ஐந்தாவது "மானிட்டர்". ஓடிக்கொண்டிருக்கும் போர்டு அனுப்பும் செய்தியை, நீர்மட்ட அளவு முதலியவற்றை, இது திரையில் காட்டும்.

புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடங்கள் சில. கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் உதவும் கம்பி சில சமயம் கையில் சிக்கும். அதில் செய்தி செல்லாது, ஆகவே போர்டு பட்டியலில் தோன்றாது. நம் முதல் நாள் மாலை முழுவதும் இதிலேயே கழிந்தது. லினக்ஸில் வாயிலைத் திறக்கும் உரிமை பயனருக்குத் தனியே வழங்கப்பட வேண்டும். இல்லையேல் அனுமதி மறுக்கப்பட்டதென்று வரும். கோப்புறையின் பெயரும் அதனுள் இருக்கும் முதன்மை நிரற்கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இதற்குப் புதுக் கணினி வேண்டுமோ என்று சிலர் கேட்டார்கள். வேண்டியதில்லை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பெற்ற கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் உறங்குகின்றன. அவற்றுள் ஓடும் நிலையிலுள்ள ஒன்றே இவ்வேலைக்குப் பெரும்பாலும் போதும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். போர்டு 5 வோல்ட்டில் வேலை செய்வது. பம்புசெட்டுக்கு வருவதோ மும்முனை மின்சாரம். இரண்டும் நேராகச் சந்திக்கவே கூடாது. இடையே ரிலேயும் கான்டாக்டரும் அமைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைக்க வேண்டும். ஏற்றி முடிந்த மறுகணமே போர்டு தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆதலால் நிரலை ஏற்றும்போது மோட்டாரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும். முதலில் போர்டிலுள்ள சிறு விளக்கை எரிய வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே மோட்டாரிடம் செல்லுதல் நலம்.

ஆர்டுயினோ ஒன்றுதான் வழி என்று எவரும் எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி முதலியோர் உருவாக்கிய சக்தி என்னும் செயலி வரிசை நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது. அவ்வரிசையில் 2020-ல் வெளியான மௌசிக் என்னும் சில்லு, சண்டிகருக்கு அருகிலுள்ள அரசுச் சில்லுக்கூடத்தில் உற்பத்தியாயிற்று. சக்தியின் அமைப்புகளுக்குப் பினாகா, பரசு, வஜ்ரா என்று பெயர்கள். அவற்றுக்கும் நிரலைத் தொகுப்பதும் ஏற்றுவதும் "மேக்" என்று தொடங்கும் கட்டளை வரிகளாலேயே. நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் வேகா என்னும் வரிசையை ஆக்கியிருக்கிறது. இவ்விரண்டும் ரிஸ்க்-பைவ் என்னும் இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய அவ்விலக்கணத்தை யாரும் உரிமைக் கட்டணமின்றிக் கையாளலாம். ஒருவர் தோண்டிய கால்வாயில் ஊரே நீர் பாய்ச்சுவது போன்ற இந்த ஏற்பாடு கூட்டுறவாளருக்குப் புதியதன்று.

ஒரே வகைப் பெட்டி பத்துக் கிணறுகளில் இருந்தால் கட்டளை வரியின் பயன் மேலும் விளங்கும். வரிகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, ஒவ்வொரு போர்டாக இணைத்து அக்கோப்பையே ஓட்டலாம். ஒரு கிணற்றுக்கு ஒரு விதமாகவும் அடுத்த கிணற்றுக்கு வேறு விதமாகவும் அமைந்துவிடும் கவலை இல்லை.

எனவே, இத்தகைய பெட்டி வைத்திருக்கும் அல்லது வாங்க எண்ணும் ஒவ்வொரு சங்கமும் நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். முதலாவதாக, மூல நிரலை ஒப்படைத்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுப்பது. இரண்டாவதாக, அந்நிரலைப் பென்டிரைவில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியிலும் மற்றொன்றைத் தலைவர் பொறுப்பிலும் வைப்பது. மூன்றாவதாக, தொகுக்கவும் ஏற்றவும் பயன்பட்ட கட்டளை வரிகளையும், கருவியின் பதிப்பு எண்ணையும், தேதியையும் பதிவேட்டில் எழுதுவது. பதிப்பு மாறினால் தொகுப்பின் விளைவும் சில சமயம் மாறும். ஆகவே அவ்வெண்ணை விட்டுவிடலாகாது. நான்காவதாக, சங்கத்தில் இருவராவது அவ்வரிகளை இயக்கக் கற்றிருப்பது. ஒருவர் மட்டுமே அறிந்திருந்தால், அவர் ஊர் மாறும் நாளில் நாம் மறுபடியும் பழைய இடத்திலேயே நிற்போம்.

இவ்வாண்டு அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். புதுப் பெட்டியின் மூல நிரலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். காரியதரிசியின் மகள் மடிக்கணினியைத் திறந்து, பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நீர்மட்ட எண்ணை மாற்றி, வரிகளைத் தட்டச்சு செய்தார். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. ஆய்வுக் குறிப்பில் நாம் எழுதியது இது: "பெட்டி ஒன்று. மூல நிரல் பிரதிகள் இரண்டு. கட்டளை வரிகள் பதிவேட்டில் உள்ளன. நம் முன்னிலையில் மீண்டும் ஏற்றிப் பார்க்கப்பட்டது. சரி."