காலாவதியான புகை எச்சரிக்கைக் கருவி: பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவானது, மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானது. அதை ஒட்டியுள்ள ஆரியசாலை, தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக வாழும் நெருக்கமான பகுதி.

அண்மையில் அங்கு உறவினர் ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்க நேர்ந்தது. இரவு முழுவதும் கூடத்தின் மேற்கூரையிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்' என்ற ஒலி. வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய வீட்டு உரிமையாளர் பொருத்திய, மின் இணைப்புடன் கூடிய புகை எச்சரிக்கைக் கருவி அது. மாற்று மின்கலம் பொருத்தியும் ஒலி நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது, தயாரிக்கப்பட்டு 12 ஆண்டுகள் கடந்திருந்தது தெரியவந்தது.

புதிய கருவி வாங்குவது வாடகைக்கு இருப்பவரின் செலவு என்றார் உரிமையாளர். வீட்டுக்குள் இருப்பது பொதுச் சொத்து அல்ல என்றது குடியிருப்போர் சங்கம். ஒலி தாங்காமல் கருவியின் இணைப்பையே துண்டித்துவிட்டார் உறவினர். நாட்டின் தீத் தடுப்பு நிர்வாகத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான்.

பத்தாண்டு ஆயுள்: இத்தகைய கருவிகளை, தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து பத்தாண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. தூசியும் ஈரமும் உணர்பகுதியை மெல்லச் செயலிழக்கச் செய்கின்றன. மின்சாரம் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிவதால் மட்டும், புகையைக் கருவி உணரும் என்று கொள்ள முடியாது.

மாற்றும் பணி கடினமானதல்ல. முதலில் மின் இணைப்புப் பெட்டியில் உரிய சுவிட்சை அணைக்க வேண்டும். கருவியைத் திருகிக் கழற்றி, அதே அடித்தட்டுக்கும் இணைப்பானுக்கும் பொருந்தும் புதிய கருவியைப் பொருத்த வேண்டும். நிறுவனம் மாறினால் அடித்தட்டையும் மாற்ற நேரிடும். அதை மின் பணியாளரிடம் விடுவதே நல்லது. பின்னர் சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலியை உறுதி செய்ய வேண்டும். கட்டடத்தின் மையக் கட்டுப்பாட்டுப் பலகையுடன் இணைந்த கருவியாயின், குடியிருப்பவர் தாமாகத் தொடக்கூடாது. பராமரிப்பு நிறுவனமே மாற்ற வேண்டும். அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள பழைய வகைக் கருவிகளைக் குப்பையில் எறியாமல், விற்பனை செய்த நிறுவனத்திடமே திருப்பி அளிப்பது அவசியம்.

நெருப்பைவிடப் புகையே பல விபத்துகளில் அதிக உயிர்களைப் பறிக்கிறது. தில்லியில் 1997 ஜூன் 13-ல் உப்ஹார் திரையரங்கில் உயிரிழந்த 59 பேரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தனர். 2011 டிசம்பரில் சுமார் 90 பேரைப் பலிகொண்ட கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை விபத்திலும் புகையே எமனாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?: அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணை, தீயணைப்புப் பணியை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நடைமுறையில் கேரளம், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் அது மாநில அரசுத் துறையின் வசம் உள்ளது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், "இது மாநிலப் பொறுப்பு' என்ற பதிலே மத்திய உள்துறை அமைச்சகத்திடமிருந்து வருகிறது.

2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீப்பாதுகாப்புக்குத் தனிப் பகுதியையே ஒதுக்கியுள்ளது. எனினும் அது பரிந்துரை மட்டுமே. மாநிலங்கள் தமது விதிகளில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும். 2019-ல் மத்திய அரசு மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2023-ல் தீயணைப்புத் துறையை நவீனமயமாக்க ரூ. 5,000 கோடி திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் ரூ. 500 கோடி, சட்டச் சீர்திருத்தம் உள்ளிட்டவற்றைச் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக ஒதுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தீயணைப்பு வண்டி, தீ பற்றிய பின்னரே புறப்படுகிறது. சாலைக் கடைத்தெரு போன்ற நெரிசல் மிகுந்த இடங்களில் அது வந்து சேரும் வரையிலான நிமிடங்களில், உறங்குபவர்களை எழுப்ப வேண்டியது மேற்கூரையில் உள்ள சிறு கருவிதான்.

ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல், ஒன்றுக்கொன்று இணைக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவிகள் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும். அதை நிறைவேற்றும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. லண்டனில் 2017-ல் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்துக்குப் பின் எடுக்கப்பட்ட முடிவு அது.

இங்கும் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியும், குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலில் ஒரு பத்தியும் சேர்ப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அதைக் கட்டாயமாக்க மட்டும் மாநிலச் சட்டமன்றங்கள் மனம் வைக்க வேண்டும்.

ஆரியசாலை வீட்டில் இறுதியில் செலவை உரிமையாளரும் உறவினரும் பாதிப் பாதியாக ஏற்றனர். புதிய கருவி வரும் வரை சில நாள்கள் அந்த வீட்டில் எச்சரிக்க எதுவும் இருக்கவில்லை. அந்நாள்களில் தீ பற்றவில்லை என்பது நல்வாய்ப்பு, பாதுகாப்பு அல்ல.