இன்ஜின் ஏத்துறது சின்ன வேலை

செயின் பிளாக்கில் தொங்கும் இன்ஜினை வண்டிக்குள் இறக்கி வைப்பது ஒரு பொழுது வேலை. வீடியோ எடுக்கிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் மாசக்கணக்கில் நடப்பதை யாரும் காட்டுவதில்லை.

நான் சங்கரன்கோவிலில் லேத் பட்டறை வைத்திருப்பவன். விசைத்தறிக்கு ஷாப்ட் கடைவதும் புஷ் அடிப்பதும் பிழைப்பு. மனைவியின் தம்பிக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு. அவன் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த 1968-ஆம் வருஷத்து மகிந்திரா ஜீப், பின்னால் தொட்டி வைத்த பிக்கப், இப்போது என் பொறுப்பு.

பழைய இன்ஜினை நான் குறை சொல்ல மாட்டேன். 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய மகிந்திரா, பின்னர் ‘ஹரிக்கேன்’ என்ற அமெரிக்கப் பெட்ரோல் இன்ஜினை நெடுநாள் போட்டது. நாலு சிலிண்டர், 2,199 சிசி. காற்றை உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டில், புகையை வெளியே தள்ளும் வால்வு கீழே பிளாக்கில். அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. அது குடிக்கும் பெட்ரோல் குறையவில்லை. எண்பதுகளில் கம்பெனியே ஜீப்புக்குள் பிரெஞ்சு பிஜோ டீசலை வைத்து விற்றது. ஆகவே இன்ஜின் மாற்றுவதொன்றும் மரியாதைக் குறைவில்லை.

எதைப் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

“காமன் ரெயில் போட்டுருவோம் அத்தான். சத்தமே இருக்காது.”

“நடுவழியில நின்னா யாருலே பாப்பா?”

காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 2 பார் என்று வைத்துப் பாருங்கள். எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சென்சார்களைக் கேட்டு முடிவு செய்கிறது. இன்ஜினை வாங்கினால் அந்தப் பெட்டி, வயரிங், சாவி எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஸ்டார்ட் ஆகாது. பம்ப் வைத்த பழைய ரகத்துக்கு டீசலை நிறுத்த ஒரு வயர் போதும். பொலேரோவில் வந்த மகிந்திராவின் 2,523 சிசி பம்ப் டீசல்தான் என்று முடிவானது. நவீனம் கொஞ்சம் குறைவுதான். தாலுகா ஊரில் பழுது பார்க்க முடிகிற நவீனம் போதும்.

இனி என் வேலை. புது இன்ஜினின் போல்ட் துளைகளும் பழைய கியர்பாக்ஸின் துளைகளும் பொருந்தாது. நடுவே 12 மில்லி இரும்புத் தகட்டில் ஒரு அடாப்டர் கடைந்து வைக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாப்டின் முனை, கிராங்கின் நடுவே உள்ள பைலட் புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். தகடு தடித்தால் முனை எட்டாது. மெலிந்தால் போய் முட்டும். அதைவிட முக்கியம் இரண்டின் மையமும் ஒன்றாக இருப்பது. பிளைவீலில் காந்தத்தோடு டயல் கேஜை ஒட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, தகட்டின் வட்டத்தில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பேன். முதலில் அரை மில்லி ஆடியது. லேசாகத் தட்டி, மறுபடி சுற்றி, மறுபடி தட்டி, பத்தில் ஒரு மில்லிக்குள் வந்த பிறகுதான் டவல் பின் அடித்தேன். இதை விட்டுவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். கொஞ்ச நாளில் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் போகும், எல்லோரும் இன்ஜினைத் திட்டுவார்கள்.

அடுத்தது கிரவுன் பினியன், அதாவது அச்சுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி. பெட்ரோல் ஜீப்பில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8; அதாவது 5.38. பெட்ரோல் இன்ஜின் 4,000 சுற்று வரை பாயும், அதற்கு இது சரி. டீசலை நான் 2,200 சுற்றில் நிதானமாக ஓட்டவே விரும்புவேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தால் 2.27 மீட்டர். கணக்குப் போட்டால் டாப் கியரில் மணிக்கு 56 கிலோமீட்டர்தான் வருகிறது. 47-க்கு 11 பல், அதாவது 4.27 போட்டால் அதே சுற்றில் 70. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு செட் வாங்க வேண்டியிருந்தது. மச்சினன் முகம் சுருங்கியது.

வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். பழைய டிரம்முக்கு பூஸ்டர் வைக்க வெற்றிடம் தேவை. பெட்ரோல் இன்ஜின் மூச்சிழுக்கும்போது அது தானாகக் கிடைக்கும், டீசலில் கிடைக்காது. ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் சின்ன பம்ப்தான் அதைத் தரும். பழைய வைப்பரும் அந்த வெற்றிடத்தில் ஆடியதுதான். கழற்றிப்போட்டு கரண்ட் மோட்டார் வைத்தாயிற்று.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இன்ஜினை மாற்றி ரோட்டில் ஓட்ட முன் அனுமதி வேண்டும், கிடைக்காமலும் போகலாம். பில் இல்லாத இன்ஜினை என் பட்டறைக்குள் விடுவதில்லை, அது எந்தத் திருட்டு வண்டியுடையதோ. இன்னொன்று: 50 வருஷம் தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிப்படி பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். இன்ஜினில் பெரிய மாற்றம் செய்தால் அந்தக் கதவு அடைபடும்.

அதனால் சேஸிஸில் ஒரு வெட்டு வைக்கவில்லை, ஒரு வெல்டும் வைக்கவில்லை. இன்ஜின் தாங்கிகள் எல்லாம் போல்ட்டில் நிற்கின்றன. பழைய ஹரிக்கேன், கிரீஸ் தடவி, கொட்டகை மூலையில் பலகைமேல் இருக்கிறது. மனு இனிமேல்தான் கொடுக்க வேண்டும்.

“தரமாட்டேன்னுட்டா அத்தான்?”

“உன் தோப்புக்குள்ள எலுமிச்சை மூட்டை ஏத்த எவன்லே ஆர்.சி. கேக்கப்போறான்?”