பக்கம் பார்த்துப் போடு!



அச்சுத் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்று சொன்னால், "கல்யாணப் பத்திரிகை அடிக்கிற படிப்பா?" என்று கேட்கிறவர்கள் நம் ஹாஸ்டலிலேயே உண்டு. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்! உங்கள் டிராயிங் ஹாலில் இருக்கிற அளவும் கணக்கும் எங்களிடமும் இருக்கின்றன. வாடிக்கையாளர் கொண்டுவரும் மேட்டரை எந்தப் பக்கத்தில், எந்தத் தாளில் போடுவது என்று திட்டமிடுவதே பாதி வேலை. அதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் கணக்கு. ஒரு தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம். ஆகவே, நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தின் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும். 18 பக்க மேட்டர் வந்தால் அது 20 பக்கப் புத்தகம்தான். மிச்சம் 2 பக்கத்துக்கு என்ன போடுவது என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது ஜோடி. தாளின் ஒரே முகத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும் இரண்டு எண்களைக் கூட்டினால், மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூடுதலாக வரும். 16 பக்கப் புத்தகத்தில் 1-க்கு ஜோடி 16, 2-க்கு 15, 3-க்கு 14. இப்படியே போனால் நடுவில் 8-ம் 9-ம் சேரும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் ஒரே தாளில், ஒரே முகத்தில் அச்சாவது அந்த நடு விரிப்பில் மட்டும்தான். நம்பிக்கை இல்லையா? பின் அடித்த வார இதழ் ஒன்றை எடுத்துப் பின்னைக் கழற்றிப் பாருங்கள்!

இனி என் கதை. 2023-இல் ஓர் அச்சகத்தில் இன்பிளாண்ட் டிரெயினிங் போயிருந்தேன். அப்பா இறந்து சில நாட்களே ஆன ஒருவர், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொடுக்க நினைவு மலர் கேட்டு வந்தார். ஏ5 அளவு, 16 பக்கம், 500 பிரதி. குடும்பமே நிற்கும் பழைய போட்டோ ஒன்றை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போடச் சொன்னார். நடுவில் அவருடைய அம்மா. 8, 9-ஆம் பக்கங்களில் போட்டேன். சரியான இடம்.

இரண்டு நாள் கழித்து உறவினர்களின் இரங்கல் கடிதங்கள் வந்தன. மேட்டர் 18 பக்கம் ஆனது. நானும் கெட்டிக்காரத்தனமாக 20 ஆக்கி, கடைசியில் சேர்த்துவிட்டேன். போட்டோ 8, 9-லேயே நின்றுவிட்டது. யோசித்துப் பாருங்கள்: 20 பக்கத்தில் நடு விரிப்பு 10-ம் 11-ம். 8-க்கு ஜோடி 13. 9-க்கு ஜோடி 12. போட்டோவின் இரண்டு பாதியும் இரண்டு வேறு தாளுக்குப் போய்விட்டன!

கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. 500 பிரதிக்கும் அச்சடித்து முடித்த பிறகு, பைண்டிங் அண்ணன் முதல் பிரதியை மடித்துப் பின் அடித்தார். விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தம்மா முகத்தைப் பாரு" என்றார். ஒரு பாதி சற்று மேலே, மறு பாதி சற்றுக் கீழே. இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அது முகமாயிற்றே!

எனக்குக் கை நடுங்கியது. காரியத்துக்கு இரண்டே நாள்தான். முதலாளி என்னைத் திட்டவில்லை. "பேப்பர் போனா வாங்கிக்கலாம், பதினாறாம் நாளை எங்கே போய் வாங்குறது?" என்று மட்டும் கேட்டார். போட்டோவை 10, 11-க்கு மாற்றி, அங்கே இருந்த மேட்டரை 8, 9-க்குக் கொண்டுவந்தோம். ஒரு பிரதிக்கு 5 தாள். அதில் இரண்டு தாள் மட்டும் மாறியது. ஆக 1000 தாள் வீண். ராத்திரி முழுக்க மெஷின் ஓடியது. தாள் அடுக்கிக் கொடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும் முதலில் டம்மி செய்கிறேன். வெள்ளைத் தாள்களை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் பக்க எண் போட்டு, "இங்கே போட்டோ, இங்கே கடிதம்" என்று எழுதுவேன். ஐந்து நிமிஷ வேலை. அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்வேன். பக்கம் கூடினாலோ குறைந்தாலோ பழைய டம்மியைக் கிழித்துவிட்டுப் புதிது செய்வேன்.

இன்னும் இரண்டு விஷயம். படமோ நிறமோ தாளின் ஓரம் வரைக்கும் வர வேண்டுமென்றால், வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். அடுத்து, தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள்கள் வெளியே துருத்தும். ஓரத்தை வெட்டும்போது அந்தப் பக்கங்களின் அகலம் குறையும். பக்க எண்ணை விளிம்புக்கு ஒட்டி வைத்தால் நடுப் பக்கங்களில் அதுவும் வெட்டுப்படலாம். புத்தகம் தடியாக ஆக, இதை அதிகம் கவனிக்க வேண்டும்.

"இன்டிசைனில் புக்லெட் வசதி இருக்கே, அதுவே ஜோடி சேர்க்காதா?" என்பீர்கள். சேர்க்கும்! ஆனால் 8-ஆம் பக்கத்தில் இருப்பது ஒரு அம்மாவின் பாதி முகம் என்று அதற்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிய வேண்டும்.

அந்த மலர் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வாங்க வந்தவர் நடு விரிப்பைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அம்மாகிட்ட காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்பர்களே, மடித்துப் பார்த்து அச்சடியுங்கள். அச்சடித்துவிட்டு மடித்துப் பார்க்காதீர்கள்!